கொம்பனிச் சம்பளத்தோடு கலாநிதிப் பட்டம்: கையெழுத்துப் போடலாமா?

மேல்கொத்மலை_மழை:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் தலவாக்கலைப் பக்கம். பேராதனையில் இரசாயனப் பொறியியல் முடித்து மூன்று வருஷம். இப்போது கண்டிக்குக் கிட்ட ஒரு கொம்பனியில் வேலை, பெயர் வேண்டாமே. உடனடித் தேயிலைத் தூள், பால்மா, சீனி மூன்றையும் கலந்து சின்னப் பைக்கற்றில் அடைக்கிறோம், சுடுதண்ணீர் ஊற்றிக் கலக்கினால் பால் தேத்தண்ணி. சேர்ந்த நாளிலிருந்து என் தலையில் விழுந்த வேலை ஒன்றுதான்: தூள் கட்டிபடுகிறது. பெக்டரியை விட்டுப் போகும்போது பொலபொலவென்று போகிறது, மூன்று மாதம் கழித்துக் கடையில் இருந்து முறைப்பாடு வருகிறது. போன ஆடி மாதம் எங்கள் தோட்டத்துக் கடையில் வாங்கிய பைக்கற்றை அம்மா அம்மியில் வைத்துக் குழவியால் தட்டித்தான் கோப்பையில் போட்டார். "இது நீ செஞ்சதா?" என்று ஒரு கேள்வி வேறு.

இப்போது மேனேஜர் ஒரு யோசனை சொல்கிறார். இந்தப் பிரச்சினையையே ஆராய்ச்சியாக எடுத்து, வேலையில் இருந்துகொண்டே கலாநிதிப் பட்டத்துக்குப் பதியச் சொல்கிறார். கட்டணம் கொம்பனி கட்டும், சம்பளம் ஓடும், வாரத்தில் மூன்று நாள் பெக்டரி, இரண்டு நாள் கம்பஸ். பதிலுக்கு, முடித்த பிறகு ஐந்து வருஷம் அங்கேயே இருக்க வேண்டும், அவர்களுடைய அனுமதி இல்லாமல் எதையும் பிரசுரிக்கக் கூடாது. இதே வாரத்தில் என் பட்ச்மேட் ஒருத்தி இங்கிலாந்தில் ஃபோர்மியுலேஷன் எஞ்சினியரிங்கில் எங்.டி, அதாவது பொறியியல் கலாநிதி, என்று ஒரு அறிவித்தலை அனுப்பியிருந்தாள். அதிலும் கொம்பனியோடு சேர்ந்துதான் படிப்பு.

எனக்குத் தெரிய வேண்டியது: இந்த எங்.டி என்பது பிஎச்டி தானா, இல்லை அரைப் பிஎச்டியா? பின்னால் விரிவுரையாளராகப் போக முடியுமா? கொம்பனியோடு செய்தால் நாளைக்கு என் ஆராய்ச்சி எனக்குச் சொந்தமா? வீட்டில் கேட்டுப் பயனில்லை. லயத்தில் இப்போதே "டொக்டருக்குப் படிக்கப் போவுதாம்" என்று கதை பரவி, பக்கத்து வீட்டு ஆச்சி முழங்காலைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

---

பண்டாரவளைக்_குளிர்:

தங்கச்சி, முழங்காலுக்கு மருந்து சொல்லாமல் அனுப்பிவிட்டீர்களா? எனக்கும் இது நடந்திருக்கிறது, நான் தைலம் வாங்கிக் கொடுத்துத்தான் தப்பித்தேன்.

நான் இங்கிலாந்தில் எங்.டி செய்தவன், அதனால் அந்தப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். அரைப் பிஎச்டி இல்லை. பேருக்கு முன்னால் அதே கலாநிதிதான், வைவா என்கிற வாய்மொழிப் பரீட்சையும் அதே மாதிரி உள்ளே ஒருவர் வெளியே ஒருவர் என்று இரண்டு பரீட்சகர்கள் உட்கார்ந்து உரிக்கிற வைவாதான். 1992இல் பிரிட்டன் அரசாங்கம் தொடங்கிய திட்டம். பிஎச்டி முடித்து வருகிறவர்களுக்குத் தொழிற்சாலை தெரிவதில்லை, தொழிற்சாலையில் இருக்கிறவர்களுக்கு ஆராய்ச்சி தெரிவதில்லை என்ற பழைய குறைக்காகக் கொண்டுவந்தார்கள். வழக்கமாக நான்கு வருஷம், அதில் முக்கால்வாசி நேரம் கொம்பனியில். மாணவர் என்று கூப்பிட மாட்டார்கள், ரிசர்ச் எஞ்சினியர் என்பார்கள். பிஎச்டியில் இல்லாத பாடங்களும் உண்டு, தொழில்நுட்பமும் முகாமைத்துவமும் கலந்து, அதற்குப் பரீட்சை, அசைன்மென்ட் எல்லாம் உண்டு. முப்பது வயதில் திரும்பவும் கணக்குப் பரீட்சைக்குப் படித்த கொடுமையை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

ஃபோர்மியுலேஷன் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும், ஆனால் படிக்கிற மற்றவர்களுக்காக. மா, தேங்காய்ப்பூ, உப்பு, தண்ணீர் இருக்கிறது. பிசைந்து தட்டிக் கல்லில் போட்டால் ரொட்டி. உதிரியாகப் பிசறிக் குழலில் அவித்தால் பிட்டு. சேர்மானம் ஒன்றுதான், உள்ளே அது எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பது வேறு, அதனால் வாயில் இருக்கிறதும் வேறு. சொக்லேட், ஷம்பு, பெயின்ட், மாத்திரை, கிறீம், உங்கள் பால் தேத்தண்ணித் தூள் எல்லாம் இந்தக் கதைதான். எதை எந்த வரிசையில், எந்த வேகத்தில், எந்தச் சூட்டில் சேர்த்தால் அந்த உள்ளடுக்கு வரும், ஒரு வருஷம் தட்டில் இருந்தாலும் எப்படிக் குலையாமல் இருக்கும் என்பதுதான் துறை. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் இரசாயனப் பொறியியல் பிரிவில் இதற்கென்றே எங்.டி நிலையம் நடத்தி வந்திருக்கிறார்கள். சொக்லேட்டுக்குப் பேர்போன போர்ன்வில் அந்த ஊரில்தான், அதனால் பொருத்தமான இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது என் கதை. நான் இருந்த கொம்பனி, அதுவும் பெயர் வேண்டாம், ஒரு கெட்டியான சலவைத் திரவம் செய்துகொண்டிருந்தது. பீக்கரில் 200 மில்லிலீற்றர் செய்தால் தேன் மாதிரி வரும். இரண்டு தொன் தாங்கியில் அதே சேர்மானம், அதே சூடு, உள்ளே மீன் கண் மாதிரி வெள்ளை உருண்டைகள். தடிப்பாக்கும் தூளைக் கொட்டியதும் அதன் வெளிப்பக்கம் மட்டும் தண்ணீர் குடித்துப் பசையாகி உள்ளே இருக்கிற காய்ந்த தூளுக்கு மூடி போட்டுவிடுகிறது, பிறகு எவ்வளவு கலக்கினாலும் கரையாது. பீக்கரில் இது தெரியவில்லை, ஏனென்றால் சின்ன இடத்தில் கலக்கும் தண்டு எல்லா மூலைக்கும் போய்வருகிறது, தாங்கியில் மேல்பரப்பில் தூள் மிதந்துகொண்டே இருக்கும். இதைக் கண்டுபிடிக்கவே எனக்கு எட்டு மாதம். இரண்டாம் வருஷ நடுவில் ஒரு நாள் காலையில் மின்னஞ்சல்: அந்தப் பொருளையே நிறுத்துகிறார்களாம். என்னுடைய கொம்பனிப் பக்கத்து சுப்பவைசருக்கு வேறு நாட்டுக்கு மாற்றம். எனக்குக் கை கால் நடுங்கிவிட்டது. என்னைக் காப்பாற்றியது ஒன்றே ஒன்று. தொடங்கும்போது கம்பஸ் பேராசிரியர் தலைப்பில் இருந்து அந்தப் பொருளின் பெயரை அடித்துவிட்டு, "தண்ணீர் குடிக்கும் தூள் பெரிய தாங்கியில் எப்படி நனைகிறது" என்று மாற்றச் சொல்லியிருந்தார். பொருள் செத்தது, கேள்வி சாகவில்லை. வேறொரு தூளை வைத்து முடித்தேன். என்னோடு சேர்ந்த ஒருத்தனுடைய தலைப்பு அந்தப் பொருளேதான், அவன் மூன்றாம் வருஷத்தில் விட்டுவிட்டுப் போனான்.

உங்களிடமும் அதைத்தான் கேட்பேன். "எங்கள் பைக்கற் ஏன் கட்டிபடுகிறது" என்பது வேலை, அதற்குச் சம்பளம் ஏற்கெனவே வாங்குகிறீர்கள். தெளித்து உலர்த்திய பால்மாவில் லக்டோஸ் கண்ணாடி மாதிரி உறைந்து நிற்கிறது, பளிங்காக இல்லை. உலர்ந்திருந்தால் 101 பாகை செல்சியஸ் வரை இறுகி நிற்கும், ஈரம் ஏற ஏற அந்த எல்லை சரிந்து நம்முடைய அறைச் சூட்டுக்கே வந்துவிடும், அப்போது துணிக்கைகள் ஒட்டும், பிறகு லக்டோஸ் பளிங்காகும்போது தான் பிடித்து வைத்திருந்த தண்ணீரையும் வெளியே விட்டுப் பக்கத்தில் இருக்கிற சீனியையும் நனைத்துக் கல்லாக்கிவிடும். இவ்வளவும் புத்தகத்தில் இருக்கிறது. தேயிலைச் சாற்றில் துவர்ப்பைத் தரும் பொலிபீனோலும் பால்மாவின் கொழுப்பும் சேர்ந்திருக்கும்போது, வெப்பமும் ஈரமும் நாளுக்கு நாலு தரம் ஏறி இறங்கும் இடத்தில் அந்த எல்லை என்ன ஆகிறது என்பது வேறு கேள்வி. அது உங்கள் கொம்பனி மூடினாலும் உங்களோடு வரும்.

இன்னொன்று, யோசித்துப் பார்த்தேன், சிரிப்பாக இருந்தது. ஆடி ஆவணியில் தென்மேல் பருவமழை உங்கள் பக்கம் கொட்டும்போது எங்கள் ஊவாப் பக்கம் வறண்ட காற்றுத்தான், அந்தக் காற்றுக்குத்தானே எங்கள் தேயிலைக்கு அந்த வாசம். ஒரே தொகுதிப் பைக்கற்றை ஒரே நாளில் தலவாக்கலைக் கடையிலும் பண்டாரவளைக் கடையிலும் வைத்துப் பாருங்கள். ஆய்வுகூடத்துக்குக் காசு கொடுத்து வாங்க வேண்டிய ஈரப்பத அறை இரண்டு பஸ் தூரத்தில் இலவசமாக இருக்கிறது.

இங்கிலாந்துக் காசு விஷயம்: அரசாங்க ஆராய்ச்சி நிதியில் ஓடும் இடங்களில் 2025-26க்கு ஆகக் குறைந்த உதவித்தொகை வருஷத்துக்கு 20,780 பவுண், கொம்பனி அதற்கு மேல் போட்டுக் கொடுப்பதும் உண்டு. ஆனால் அந்த நிதியில் வெளிநாட்டு மாணவர்களுக்கு நூற்றுக்கு 30 பேர் என்றுதான் எல்லை, அதிலும் உள்நாட்டுக் கட்டணத்துக்கும் வெளிநாட்டுக் கட்டணத்துக்கும் இடையே உள்ள பெரிய இடைவெளியை யார் கட்டுவது என்று முதல் மின்னஞ்சலிலேயே கேளுங்கள். கேட்க வெட்கப்பட்டு ஆறு மாதம் வீணாக்கியவன் சொல்கிறேன். இரசாயனப் பொறியியல் என்பதால் விசாவுக்கு முன் ஏட்டாஸ் என்கிற பாதுகாப்பு அனுமதியும் எடுக்க வேண்டும். அதற்குக் காசில்லை, ஆனால் வாரக்கணக்கில் இழுக்கும்.

---

பேராதனைப்_படிக்கட்டு:

நான் கற்பிக்கிறவள், கொம்பனியில் இருந்துகொண்டு படிக்கும் மாணவர்கள் இப்போது என்னிடம் இரண்டு பேர் இருக்கிறார்கள். மேலே தம்பி சொன்னதில் கேள்வி பற்றிய பகுதியை இரண்டு தரம் வாசியுங்கள் மகள்.

விரிவுரையாளர் வேலைக்குப் பயப்பட வேண்டாம். இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் முதுதத்துவமாணி (எம்.பில்) 11ஆம் மட்டம், கலாநிதி 12. அங்கே பார்க்கப்படுவது பட்டத்தின் மட்டம், சம்பளம் யார் தந்தார் என்பதல்ல. நேர்முகத்தில் அதைவிட முக்கியமாகக் கேட்பது எத்தனை கட்டுரை என்பது, அங்கேதான் உங்கள் ஒப்பந்தம் இடிக்கிறது. "அனுமதி இல்லாமல் பிரசுரிக்கக் கூடாது" என்று மட்டும் இருந்தால் அனுமதி எப்போதுமே வராது. யாரும் வேண்டுமென்று மறுக்க மாட்டார்கள், கடிதம் ஒருவருடைய மேசையில் கிடக்கும், அவ்வளவுதான். என் மாணவி ஒருத்தியின் கட்டுரை பதினான்கு மாதம் அப்படிக் கிடந்தது. அதற்குள் அதே வேலையை வேறு நாட்டில் யாரோ போட்டுவிட்டார்கள். ஆகவே நாள் கணக்கு எழுதி வாங்குங்கள். கொடுத்த நாளிலிருந்து இத்தனை நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால் அனுமதித்ததாகக் கொள்ளப்படும் என்ற ஒரு வரி. கொம்பனிக்கும் அதில் நியாயம் இருக்கிறது, காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் முன் நீங்கள் மாநாட்டில் போய்ச் சொல்லிவிட்டால் பல நாடுகளில் அந்தப் புதுமை போய்விடும், அதனால் கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்வது தப்பில்லை. ஆய்வேட்டை நூலகத்தில் ஒன்றிரண்டு வருஷம் பூட்டி வைக்கவும் வழி உண்டு. பூட்டுவது சரி, புதைப்பது கூடாது.

சொந்தமா என்று கேட்டிருந்தீர்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாத வரை, வேலையின் பகுதியாகச் செய்த கண்டுபிடிப்பின் காப்புரிமை வேலை கொடுத்தவருக்கே. ஆகவே எழுதாமல் விட்டால் உங்களுக்குச் சாதகமாகாது. ஆனால் பட்டம், ஆய்வேடு, அதை எழுதியவர் என்ற பெயர், இவை வேறு. காப்புரிமை அவர்களுக்குப் போனாலும் கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் உங்கள் பெயர் வர வேண்டும். அதையும் கேளுங்கள்.

ஐந்து வருஷம் எனக்கு நீளமாகப் படுகிறது. எப்போதிருந்து எண்ணுகிறார்கள் என்று பாருங்கள், ஆய்வேடு கையளித்த நாளா, வைவாவா, பட்டமளிப்பா? பட்டமளிப்பு என்று இருந்தால் கூடவே ஒரு வருஷம் போய்விடும். இடையில் விலகினால் எவ்வளவு திருப்பிக் கட்டுவது, வருஷத்துக்கு வருஷம் அது குறைகிறதா, கொம்பனியே உங்களை நிறுத்தினால் என்ன? கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை, நல்ல நாளில் அபசகுனம் மாதிரி இருக்குமாம்.

அப்புறம் அந்த இரண்டு நாள் கம்பஸ். நாளின் பெயரை எழுதுங்கள். "வாரத்தில் இரண்டு நாள்" என்றால் மெஷின் பழுதானதும் முதலில் போகிறது அதுதான். செவ்வாயும் புதனும் என்று எழுதியிருந்தால் போன் அடிக்கிறவருக்கும் ஒரு கூச்சம் வரும்.

---

டீமேக்கர்_மாமா:

நான் இருபத்தெட்டு வருசமா பெக்டரியில நிக்கிறவன். பெரிய படிப்பு இல்ல, மனசில பட்டதச் சொல்றேன், கோவிக்க வேணாம்.

எங்க பெக்டரிக்கு ஒரு கலாநிதி வந்தார். மூணு நாள் நின்னார், ஈரமானி, சூடுமானி எல்லாம் வச்சிக் குறிச்சிக்கிட்டார். நாலாம் நாள் ரோல் ரூமில நான் கொழுந்த ஒரு கை அள்ளி இறுக்கிப் புடிச்சி விட்டுக் காட்டுனேன். வாட்டம் போதாட்டி கை விட்டதும் துள்ளி விரியும், சரியான வாட்டம்னா பந்து மாதிரி நின்னு மெதுவா அவிழும். அவர் அதக் குறிக்கவே இல்ல. எழுத ஒரு கட்டம் இல்லயாம் அவர் பேப்பரில. இதுக்கு எதுக்கு மகள் பட்டம்?

ஆனா ஒண்ணு சொல்றேன். நல்ல தேத்தண்ணிய ஆற விட்டா பால் ஊத்தின மாதிரி கலங்கும், கிறீம் ஆவுதுன்னு நாங்க சொல்றது. டேஸ்டர் தொரமார் அதப் பாத்துத்தான் தலையாட்டுவாங்க, கலங்குனா நல்ல தேயிலன்னு. அதே சமாச்சாரம் போத்தல்ல ஐஸ் டீ அடைக்கிறவனுக்குத் தலவலி, கடைக்காரன் கெட்டுப்போச்சுன்னு திருப்பி அனுப்புறான். ஏன் கலங்குதுன்னு எனக்குச் சொல்லத் தெரியல. தெரிஞ்சிருந்தா நான் இன்னும் இந்த டிரையர் பக்கத்தில நின்னுக்கிட்டு இருக்க மாட்டேன்.

---

பண்டாரவளைக்_குளிர்:

மாமா, அது கஃபீனும், தேத்தண்ணிக்கு நிறமும் துவர்ப்பும் தருகிற தியஃப்ளேவின், தியரூபிஜின் கூட்டமும். சூட்டில் தனித்தனியாகக் கரைந்திருக்கும், ஆறினால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு கரையாத நுண்துளிகளாகப் பிரிகின்றன. சத்து அதிகமாக இருந்தால் கூட்டமும் அதிகம், அதனால்தான் நல்ல தேயிலை கூடக் கலங்குகிறது. குளிர்த் தேநீர்க்காரர்கள் குளிரவைத்துச் சுழற்றிப் பிரித்து எடுக்கிறார்கள், இல்லாவிட்டால் டானேஸ் என்ற நொதியைப் போட்டு உடைக்கிறார்கள். பிரித்து எடுத்தால் ருசியும் கொஞ்சம் கூடவே போகும், அந்தச் சண்டை இன்னும் ஓய்ந்தபாடில்லை. நீங்கள் கையில் பார்க்கிற வாட்டத்தை எழுதக் கட்டம் போடாத கலாநிதி மேல்தான் பிழை. தங்கச்சி, உங்கள் ஆய்வுக்குழுவில் இப்படி ஒரு டீமேக்கர் இருக்க வேண்டும், நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

---

வடகடல்_ஹட்டன்:

ஹட்டன்காரன், இப்போது டென்மார்க்கில். எல்லாரும் இங்கிலாந்தையே பார்க்கிறோம், பழக்கதோஷம். ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி ஆராய்ச்சி நிதித் திட்டத்துக்குக் கீழ் தொழில்துறைக் கலாநிதி என்றே ஒரு வகை இருக்கிறது, குறைந்தது பாதி நேரம் கம்பஸுக்கு வெளியே, எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம், வெளிநாட்டார் கட்டணம் என்ற பயம் இல்லை, மாணவராக இல்லாமல் சம்பளத்துக்கு வேலையாளாக எடுக்கிறார்கள். ஒரு நிபந்தனை நமக்குச் சாதகம்: கடைசி மூன்று வருஷத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் அந்த நாட்டில் இருந்திருக்கக் கூடாது. தலவாக்கலையில் இருந்தே விண்ணப்பிக்கிறவருக்கு இதைவிட என்ன வேண்டும். யூராக்செஸ் என்ற தளத்தில் இடங்கள் வரும், விண்ணப்பிக்கக் காசு கேட்டால் அது கள்ளன். பிரான்சில் சிஃப்ர் என்று 1981இல் இருந்து ஓடுகிறது, அங்கே கொம்பனிதான் முதலில் வேலைக்கு எடுக்க வேண்டும். டென்மார்க்கிலும் 1970களில் இருந்தே கொம்பனிப் பிஎச்டி உண்டு, மூன்று வருஷம், சம்பளத்தில் ஒரு பங்கை அரசாங்க நிதி தாங்கும்.

குளிர் பற்றிக் கேட்காதீர்கள். நுவரெலியா டிசம்பரைத் தாங்கினேன் என்று வீறாப்போடு வந்தேன், ஒக்டோபரிலேயே அடங்கிவிட்டேன்.

ஒரு மாற்றுக் கருத்து: எல்லாரும் கேள்வி கேள்வி என்கிறீர்கள், சரி, ஆனால் மூன்று வருஷ அனுபவத்தோடு கையில் பிரச்சினையையும் வைத்திருப்பவரை வெளியில் மதிப்பார்கள். எனக்கு இடம் கிடைத்ததே ஊரில் கறிச்சரக்குத் தூள் பெக்டரியில் செய்த ஒரு வேலையைப் படம் போட்டுக் காட்டியதால்தான். அவசரப்பட்டு ஐந்து வருஷத்துக்குக் கையைக் கட்டிக்கொள்ள வேண்டாம்.

---

மேல்கொத்மலை_மழை:

எல்லாருக்கும் நன்றி. பதில் போடத் தாமதமாகிவிட்டது, சும்மா இருக்கவில்லை.

ஒப்பந்தத்தின் வரைவை வாங்கி வாசித்தேன். மேடம் சொன்ன மாதிரியேதான், பிரசுரத்துக்கு நாள் கணக்கே இல்லை, ஐந்து வருஷம் பட்டமளிப்பில் இருந்து. ஆய்வுத் தலைப்பு என்ற இடத்தில் எங்கள் பைக்கற்றின் வர்த்தகப் பெயரே அச்சடித்திருந்தது, சுவை உட்பட, இஞ்சி. அதைப் பார்த்ததும் பண்டாரவளை அண்ணாவின் சலவைத் திரவம்தான் ஞாபகம் வந்தது. இஞ்சிச் சுவை போன மாதம் நன்றாகப் போகவில்லை என்று விற்பனைப் பிரிவில் ஏற்கெனவே முணுமுணுக்கிறார்கள்.

மேனேஜரிடம் போய்க் கதைத்தேன். பயந்துகொண்டுதான் போனேன், ஆனால் அவர் கெட்டவர் இல்லை, இதற்கு முன் யாரும் இப்படிக் கேட்டதில்லையாம், அதனால் பழைய வேறொரு ஒப்பந்தத்தை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். பிரசுரத்துக்கு அறுபது நாள், பதில் இல்லாவிட்டால் சம்மதம், இதற்கு ஒத்துக்கொண்டார். நாளும் எழுதலாம் என்றார், செவ்வாய் புதன். ஐந்து வருஷத்தை மூன்றாகக் குறைக்கச் சொன்னேன், மேலே கேட்க வேண்டுமாம். கொம்பனி என்னை நிறுத்தினால் என்ன என்று கேட்டபோது சிரித்துவிட்டு, "ஏன் அப்படி யோசிக்கிறீங்க" என்றார். பதில் இன்னும் இல்லை.

வெளிநாட்டையும் விடவில்லை. எங்.டி அறிவித்தலுக்குக் கட்டண இடைவெளியை யார் கட்டுவது என்று மின்னஞ்சல் போட்டேன், கொம்பனி கட்டாது, கம்பஸ் இந்த வருஷம் கட்டாது என்று மரியாதையாக இரண்டு வரி வந்தது. ஆறு மாதம் மிச்சம், அண்ணாவுக்கு நன்றி. யூராக்செஸ்ஸில் உணவுத் தூள் சம்பந்தமாக ஒன்று கண்ணில் பட்டது, அதற்கும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

டீமேக்கர் மாமா, நீங்கள் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை, ஆனால் வாட்டத்தைக் கையில் பிடித்துப் பார்க்கிற மாதிரி நான் தூளைப் பிடித்துப் பார்க்கத் தொடங்கினேன். ஒட்டத் தொடங்கும் முன்பே விரலில் ஒரு மாதிரி வழவழப்பு வருகிறது. நீங்கள் சொன்னதால் என் தாளில் அதற்கு ஒரு கட்டம் போட்டிருக்கிறேன், 0, 1, 2 என்று.

---

பேராதனைப்_படிக்கட்டு:

நல்லது மகள். "நிறுத்தினால்" என்பதற்குச் சிரிப்பை ஏற்றுக்கொள்ளாதீர்கள். கொம்பனி பக்கத்தில் இருந்து முடிவுக்கு வந்தால் திருப்பிக் கட்டத் தேவையில்லை, அதுவரை எடுத்த தரவுகளை ஆய்வேட்டுக்குப் பயன்படுத்தலாம், இந்த இரண்டும் எழுத்தில் வேண்டும். இரண்டாவதுதான் முக்கியம், காசைக் கடன் வாங்கியாவது கட்டலாம், தரவை எங்கே வாங்குவது? தலைப்பை அவர்களே எழுத விடாமல், உங்கள் பேராசிரியரோடு உட்கார்ந்து எழுதி அனுப்புங்கள். இஞ்சியை எடுத்துவிடுங்கள்.

---

டீமேக்கர்_மாமா:

நான் மகள் பக்கந்தான். 0, 1, 2 போதாது. அரை வேணும். ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் நடுவுலதான் எல்லாம் நடக்கும்.

---

மேல்கொத்மலை_மழை:

அரை போட்டாச்சு மாமா.

இஞ்சியை எடுத்தாச்சு மேடம். ஒரே தொகுதியில் நாற்பது பைக்கற் எடுத்து, இருபதை எங்கள் தோட்டத்துக் கடையிலும் இருபதைப் பண்டாரவளையில் சித்தி வீட்டுக்குப் பக்கத்துக் கடையிலும் வைத்திருக்கிறேன், விற்க வேண்டாம் என்று இரண்டு முதலாளிக்கும் சொல்லி. அண்ணா சொன்ன அந்த லக்டோஸ் எல்லை எத்தனை பாகையில் என்று பார்க்கிற டிஎஸ்சி கருவிக்கு வருகிற புதன் கம்பஸில் நேரம் கிடைத்திருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க, போன ஆடியில் கல்லான அந்தப் பழைய பைக்கற்றில் மிச்சம் ஒன்றாவது இருக்கிறதா என்று அம்மாவிடம் போனில் கேட்டேன். எல்லாவற்றையும் உடைத்துக் குடித்து முடித்துவிட்டாராம்.